ஆளுக்கு இத்தனையா, கேள்விக்கு இத்தனையா? அலுவலக ஏஐ உதவியாளரின் பில்லைப் படிப்பது எப்படி

அலுவலகத்துக்கு ஏஐ உதவியாளர் வாங்கலாம் என்ற பேச்சு வந்ததும் எல்லோரும் முதலில் கேட்பது, எது நல்லது, கோபைலட்டா, ஜெமினியா, சாட்ஜிபிடியா என்றுதான். அதில் மண்டையை உடைத்துக்கொள்ள அவ்வளவு ஒன்றும் இல்லை. மூன்றுமே மின்னஞ்சல் எழுதித் தரும், நீண்ட அறிக்கையைச் சுருக்கித் தரும், எக்செல் ஃபார்முலா சொல்லித் தரும். கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருப்பவர் கேட்கும் கேள்விதான் முக்கியம்: எதை எண்ணி பில் போடுகிறார்கள்? ஆட்களையா, பயன்பாட்டையா, முடித்துக்கொடுத்த வேலையையா? அல்லது தனியாக எதையும் எண்ணாமல், ஏற்கெனவே கட்டிக்கொண்டிருக்கும் சந்தாவிலேயே சேர்த்துவிட்டார்களா? இது தெரிந்துவிட்டால், கணக்குத் தப்பிப்போகும்போது நஷ்டம் யார் தலையில் விழும் என்பதும் தெரிந்துவிடும்.

ஆள் கணக்கு

அதிகம் புழங்குவது இதுதான். ஒரு ஊழியருக்கு ஒரு லைசென்ஸ், மாதத்துக்கு இத்தனை டாலர். மெஸ்ஸில் மாதக் கணக்கு வைத்துச் சாப்பிடுவது போல. ஊருக்குப் போனாலும் பணம் பணம்தான்.

மைக்ரோசாஃப்ட் 365 கோபைலட்டை எடுத்துக்கொள்வோம். வேர்டு, எக்செல், அவுட்லுக், டீம்ஸ் ஆகியவற்றுக்கு உள்ளேயே இருந்து வேலை செய்யும் உதவியாளர் இது. ஆளுக்கு மாதம் 30 டாலர் என்று 2023 ஜூலையில் விலை அறிவித்தார்கள். அந்த நவம்பரில் பெரிய நிறுவனங்களுக்கு விற்பனையைத் தொடங்கியபோது, குறைந்தது 300 பேருக்கு வாங்கினால்தான் உண்டு என்றார்கள். 2024 ஜனவரியில் அந்த நிபந்தனை போனது. ஒரே ஒருவருக்குக்கூட வாங்கலாம் என்றானது. 2025 டிசம்பரில் சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கென்று 21 டாலரில் தனித் திட்டம் ஒன்றும் வந்தது. இரண்டரை வருடத்துக்குள் இத்தனை மாற்றம். அதனால் இந்தக் கட்டுரையில் வரும் விலைகளை எல்லாம் அந்தந்தத் தேதியின் விலையாக மட்டும் பாருங்கள். வாங்கும் நாளில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த 30 டாலரில் இரண்டு விஷயங்கள் கண்ணில் படாமல் இருக்கும். ஒன்று, இது தனியாக நிற்கும் லைசென்ஸ் இல்லை. அந்த ஊழியரிடம் ஏற்கெனவே பிசினஸ் ஸ்டாண்டர்டு, இ3, இ5 போன்ற மைக்ரோசாஃப்ட் 365 சந்தா ஒன்று இருக்க வேண்டும்; அதற்கு மேல்தான் கோபைலட் ஏறும். மின்னஞ்சலுக்கு வேறு நிறுவனத்தின் சேவையைப் பயன்படுத்தும் அலுவலகம் கோபைலட் வாங்கப் போனால், அடிப்படைச் சந்தாவையும் சேர்த்துத்தான் வாங்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று, மாதம் 30 டாலர் என்று எழுதியிருந்தாலும் கையெழுத்துப் போடுவது ஒரு வருடத்துக்கு. தொடக்கத்தில் வருடப் பணம் மொத்தத்தையும் முன்னாலேயே கட்ட வேண்டியிருந்தது. 2024 டிசம்பரிலிருந்து மாதாமாதம் கட்டலாம் என்றார்கள். அதற்கு 5 சதவீதம் கூடுதல், அதாவது 31.50 டாலர். மாதாமாதம் கட்டுவதால், வேண்டாம் என்றால் எந்த மாதமும் நிறுத்திக்கொள்ளலாம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. பணம் கட்டுவதுதான் மாதாமாதம். ஒப்பந்தம் அதே ஒரு வருடம்தான்.

சரி, 21 டாலர் திட்டத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, 30 டாலரை வைத்தே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 40 பேர் வேலை செய்யும் ஒரு நிறுவனம் எல்லோருக்கும் 30 டாலர் லைசென்ஸ் வாங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 14,400 டாலர். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், உண்மையில் 15 பேர்தான் பயன்படுத்துகிறார்கள். மற்றவர்கள் முதல் வாரம் விளையாடிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். அப்படியானால் பயன்படுத்தும் ஒருவருக்கு ஆகும் செலவு மாதம் 30 டாலர் இல்லை, 80 டாலர். ஆள் கணக்கில் இருக்கும் ஆபத்து இதுதான். பில் என்றைக்கும் எகிறாது, அடுத்த மாதம் எவ்வளவு வரும் என்று இன்றைக்கே தெரியும். ஆனால் யாரும் தொடாமல் கிடந்தால் அந்த நஷ்டம் முழுக்க வாங்கியவருக்கு. விற்றவருக்கோ அதில் லாபம் கூடத்தான் செய்கிறது. பயன்படுத்தாத ஆளுக்காக அவருடைய சர்வர் ஓடவே இல்லையே.

இதே ஆள் கணக்கில் மற்றவர்களும் இருக்கிறார்கள். ஓபன்ஏஐ 2024 ஜனவரியில் சாட்ஜிபிடி டீம் என்று கொண்டுவந்தது. வருட ஒப்பந்தமானால் ஆளுக்கு மாதம் 25 டாலர், மாத ஒப்பந்தமானால் 30, குறைந்தது இரண்டு பேர். 2025ல் அதற்கே சாட்ஜிபிடி பிசினஸ் என்று பெயர் மாற்றினார்கள். ஆந்த்ரோபிக்கின் க்ளாட் டீம் 2024 மே மாதம் வந்தபோது குறைந்தது ஐந்து பேர் என்றது. மூன்று பேர் மட்டும் இருக்கும் ஆடிட்டர் அலுவலகத்துக்கு இந்தக் 'குறைந்தது' என்ற சொல்தான் விலையைவிட முக்கியம்.

ஒரு லைசென்ஸ் வாங்கி, பாஸ்வேர்டைச் சுவரில் ஒட்டிவைத்து ஐந்து பேர் பயன்படுத்தலாமே என்று ஒரு யோசனை எல்லா அலுவலகத்திலும் யாருக்காவது வரும். லைசென்ஸ் பெயர் சொல்லி ஒருவருக்குக் கொடுப்பது. பகிர்வதை விதிமுறைகள் அனுமதிப்பதில்லை. அதைவிட நடைமுறைச் சிக்கல் ஒன்று இருக்கிறது: மேலாளர் சம்பளப் பட்டியலைப் பற்றிக் கேட்ட கேள்வி, அதே கணக்கில் நுழையும் மற்ற நால்வருக்கும் பழைய உரையாடல்களில் வரிசையாகத் தெரியும். வேலையை விட்டுப் போனவரின் லைசென்ஸைப் பிடுங்கிப் புதிதாக வந்தவருக்குக் கொடுப்பது வேறு. அது முறைதான், செய்ய வேண்டியதும்கூட.

சந்தாவுக்குள் கரைந்த விலை

கூகுள் கதை இதற்கு நல்ல உதாரணம். 2024ல் ஜெமினியை வொர்க்ஸ்பேஸுக்கு (அலுவலகங்களுக்கான கூகுளின் மின்னஞ்சல், ஆவணச் சந்தா) மேல் தனிக் கட்டணமாக விற்றார்கள். பிசினஸ் திட்டத்துக்கு ஆளுக்கு 20 டாலர். 2025 ஜனவரியில் அந்தத் தனிக் கட்டணத்தையே எடுத்துவிட்டு, பிசினஸ், எண்டர்பிரைஸ் சந்தாக்களுக்குள் ஜெமினியைச் சேர்த்துவிட்டார்கள். பிசினஸ் ஸ்டாண்டர்டு 12 டாலரிலிருந்து 14 டாலர் ஆனது. முன்பு ஜெமினியோடு சேர்த்து 32 டாலர் கட்டியவருக்குப் பாதிக்கு மேல் மிச்சம். ஜெமினியே வேண்டாம் என்று 12 டாலர் கட்டிக்கொண்டிருந்தவருக்கு இரண்டு டாலர் விலையேற்றம். இரண்டும் ஒரே அறிவிப்பில் நடந்தவை.

ஜூம் 2023லேயே தன் ஏஐ துணைவனைக் கட்டணச் சந்தாக்காரர்களுக்குக் கூடுதல் காசில்லாமல் கொடுத்தது. இப்படி வருவது வாங்குபவருக்கு வசதிதான். யாருக்கு லைசென்ஸ், யாருக்கு இல்லை என்ற சண்டை இல்லை. ஆனால் 'இலவசம்' என்று நினைத்துவிடக் கூடாது. புதுப்பிக்கும்போது சந்தாவின் விலை ஏறியிருக்கிறதா, ஏஐ இல்லாத பழைய திட்டம் இன்னும் கிடைக்கிறதா என்று இரண்டையும் கேட்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் இது நீதிமன்றம் வரை போயிருக்கிறது. தனிநபர், குடும்பச் சந்தாக்களில் கோபைலட்டைச் சேர்த்து விலையை ஏற்றியபோது, ஏஐ இல்லாத பழைய விலைத் திட்டம் ஒன்று இருப்பதை வாடிக்கையாளர்களுக்குத் தெளிவாகச் சொல்லவில்லை என்று அந்நாட்டின் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையம் 2025 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட்மேல் வழக்குத் தொடுத்தது. அது வீட்டுச் சந்தா, அலுவலகச் சந்தா இல்லை. கேட்க வேண்டிய கேள்வி மட்டும் ஒன்றேதான்.

மீட்டர் கணக்கு

குழப்பம் அதிகம் இருப்பதும், வருங்காலத்தில் இன்னும் அதிகம் பார்க்கப்போவதும் இங்கேதான். பயன்படுத்தினால் பணம், இல்லாவிட்டால் இல்லை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மீட்டர் எதை அளக்கிறது என்பது ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு மாதிரி.

அடியில் எல்லோரும் அளப்பது டோக்கனை. நாம் எழுதும் வாக்கியத்தை மாடல், அதாவது உதவியாளருக்குப் பின்னால் இருந்து பதில் எழுதும் ஏஐ, துண்டு துண்டாக உடைத்துத்தான் படிக்கும். பதிலையும் துண்டு துண்டாகத்தான் எழுதும். அந்தத் துண்டுதான் டோக்கன். உள்ளே போகும் டோக்கனுக்கு ஒரு விலை, வெளியே வரும் டோக்கனுக்கு அதைவிடக் கூடிய விலை. சொந்தமாக மென்பொருள் எழுதி ஓபன்ஏஐ, கூகுள் போன்றவர்களின் மாடலை நேரடியாக இணைத்துக்கொள்ளும் நிறுவனங்களுக்கு இப்படித்தான் பில் வரும்.

தமிழில் வேலை பார்ப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். எழுத்து எந்த மொழியில் இருக்கிறது என்பதைப் பொறுத்து டோக்கன் எண்ணிக்கை மாறும். ஓபன்ஏஐ 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ மாடலை வெளியிட்டபோது ஒரு ஒப்பீட்டையும் தந்தது. ஒரே சிறிய அறிமுக வாசகம் பழைய முறையில் ஆங்கிலத்தில் 27 டோக்கன், தமிழில் 116. புதிய முறையில் ஆங்கிலத்தில் 24, தமிழில் 35. அதாவது, அதே விஷயத்தைத் தமிழில் கேட்டவர் அதற்கு முன்பு நான்கு மடங்குக்கு மேல் கொடுத்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. இது அந்த நிறுவனத்தின் கணக்கு. வேறு மாடல்களில் வேறு மாதிரி இருக்கும். வாடிக்கையாளரோடு தமிழில் பேசும் ஒரு சேவையை டோக்கன் கணக்கில் வாங்கப் போகிறீர்களா? உங்களுடைய நிஜமான தமிழ் உரையாடல்கள் சிலவற்றை ஓட்டிப் பார்த்து டோக்கனை எண்ணிக்கொள்ளுங்கள். விற்பவர் காட்டும் மதிப்பீடு பெரும்பாலும் ஆங்கிலத்தை வைத்துப் போட்டதாக இருக்கும்.

டோக்கன் என்றால் வாங்குபவருக்குப் புரியாது என்பதால், அதற்கு மேலே கிரெடிட் என்று ஒரு அலகை உருவாக்கிக்கொள்கிறார்கள். நிறுவனங்கள் தங்களுக்கென்று ஏஐ உதவியாளரை உருவாக்கிக்கொள்ளும் மைக்ரோசாஃப்டின் கோபைலட் ஸ்டூடியோவில் ஒரு கிரெடிட் ஒரு சென்ட். 2025 செப்டம்பருக்கு முன்பு இதை மெசேஜ் என்று சொன்னார்கள். முன்கூட்டியே எழுதிவைத்த பதிலைக் காட்டினால் ஒரு கிரெடிட். மாடல் யோசித்து எழுதும் பதிலுக்கு இரண்டு. நிறுவனத்தின் கோப்புகளைத் தேடி அதை வைத்துப் பதில் சொன்னால் கூடுதலாகப் பத்து. ஆக, "வருடத்துக்கு எத்தனை நாள் தற்செயல் விடுப்பு எடுக்கலாம்?" என்று ஒருவர் கேட்டு, விடுப்பு விதிகளைத் தேடிப் பதில் வந்தால் 12 சென்ட். இதில் தமிழில் கேட்டாலும் ஆங்கிலத்தில் கேட்டாலும் ஒரே விலை. டோக்கன் ஏற்றத்தாழ்வை விற்பவரே ஏற்றுக்கொள்கிறார்.

நமது 40 பேர் நிறுவனத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு கேள்வி, மாதத்தில் 22 வேலை நாள் என்றால் 1,760 கேள்வி, சுமார் 211 டாலர். எல்லோருக்கும் 30 டாலர் லைசென்ஸ் வாங்கினால் 1,200 டாலர். இன்னொரு பக்கத்திலிருந்தும் பார்க்கலாம்: ஒருவர் மாதம் 250 கேள்விக்கு மேல் கேட்டால்தான் 30 டாலர் லைசென்ஸ் அவருக்கு லாபம். இந்த ஒப்பீடு முழு நியாயமானதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 30 டாலர் லைசென்ஸில், வேர்டுக்கும் டீம்ஸுக்கும் உள்ளே இருந்து கோபைலட் செய்யும் வேலைகள் எல்லாம் சேர்ந்து வருகின்றன. மீட்டரில் கேள்வி-பதில் மட்டும்தான். ஆனால் ஊழியர்களில் பாதிப் பேருக்குக் கேள்வி-பதில் மட்டும்தான் தேவை என்றால்? அங்கேதான் இந்தக் கணக்குக் கைகொடுக்கும்.

மொத்தமாக வாங்கினால் மலிவு என்று 25,000 கிரெடிட் 200 டாலருக்குக் கிடைக்கிறது. அந்த மாதத்தில் மிச்சமானது அடுத்த மாதத்துக்கு வராது. பழைய மெஸ் கதையேதான். மீட்டர் என்ற பெயரில் மறுபடி வருகிறது.

மென்பொருள் எழுதுபவர்களுக்கான கிட்ஹப் கோபைலட் இரண்டையும் கலந்து செய்தது. பிசினஸ் லைசென்ஸ் அப்போது ஆளுக்கு மாதம் 19 டாலர். 2025 ஜூனில் அதற்குள் மாதம் 300 பிரீமியம் கோரிக்கைகள் (உயர்தர மாடல்களிடம் கேட்பவை), அதைத் தாண்டினால் ஒவ்வொன்றுக்கும் 4 சென்ட் என்று வைத்தார்கள். இதில் பிடி எங்கே என்றால், பெரிய மாடலைத் தேர்ந்தெடுத்தால் ஒரு கேள்வியே பல கோரிக்கைகளாகக் கழிந்தது. அதே கோடைக்காலத்தில், நிரல் எழுத உதவும் கர்சர் என்ற மென்பொருளின் நிறுவனம் தன் 20 டாலர் திட்டத்தில் கோரிக்கைகளை எண்ணுவதை விட்டுவிட்டு, 20 டாலர் மதிப்புள்ள பயன்பாடு என்று மாற்றியது. எதிர்பாராத பில் வந்தவர்கள் சத்தம் போட்டார்கள். ஜூலை 4ஆம் தேதி நிறுவனம் மன்னிப்புக் கேட்டுப் பணத்தைத் திருப்பித் தருவதாக அறிவித்தது. இப்படி நடப்பதற்குக் காரணம் இருக்கிறது. முன்பு ஒரு கேள்வி என்றால் ஒரு பதில். இப்போது ஏஜென்ட் என்ற பெயரில் வருபவை, ஒரே கட்டளைக்குத் தாமாகவே பத்துக் கோப்பைத் திறந்து, எழுதி, ஓட்டிப் பார்த்து, தவறைத் திருத்தி, மறுபடி ஓட்டுகின்றன. பார்ப்பவருக்கு ஒரு கோரிக்கை, அடியில் லட்சக்கணக்கான டோக்கன். கோரிக்கைக்கு ஒரே விலை என்று வைத்தால் விற்பவர் தாங்க மாட்டார்.

அதனால் மீட்டர் கணக்கில் சேர்பவர்கள் முதல் நாளே உச்சவரம்பு வைத்துவிட வேண்டும். இங்கே ஒரு பொறி உண்டு. சில இடங்களில் பட்ஜெட் என்று வைப்பது உண்மையிலேயே செலவை நிறுத்தும். சில இடங்களில் வெறும் மின்னஞ்சல்தான் வரும். மைக்ரோசாஃப்டின் மேகக்கணிச் சேவையான அஷூரில் பட்ஜெட் வைத்தால் தொகை தாண்டும்போது எச்சரிக்கை அனுப்பும்; சேவையைத் தானாக நிறுத்தாது. வெள்ளிக்கிழமை மாலை வந்த எச்சரிக்கையைத் திங்கட்கிழமை காலையில் படிப்பவர்கள்தான் நாம் எல்லோரும். நிற்குமா, எச்சரிக்குமா என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்தால் காசு

ஆளையோ டோக்கனையோ எண்ணாமல், முடித்துக்கொடுத்த வேலையை எண்ணும் முறை வாடிக்கையாளர் சேவையில் பரவுகிறது. இன்டர்காம் நிறுவனத்தின் ஃபின் என்ற ஏஜென்ட், தீர்த்துவைக்கும் ஒவ்வொரு புகாருக்கும் 99 சென்ட் என்று வந்தது. சேல்ஸ்ஃபோர்ஸ் 2024ல் ஒரு உரையாடலுக்கு 2 டாலர் என்று தொடங்கி, 2025 மே மாதம் ஒரு செயலுக்கு 10 சென்ட் என்ற முறையையும் கொண்டுவந்தது. சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் இரண்டு விதமாகவும் விற்கிறது: ஊழியருக்குத் துணைநிற்கும் ஃப்ரெடி கோபைலட்டுக்கு ஆள் கணக்கு, வாடிக்கையாளரோடு நேரடியாகப் பேசும் ஏஜென்டுக்கு உரையாடல் கணக்கு.

கேட்டதும் மிக நேர்மையான முறை போலத் தோன்றும். ஆனால் 'தீர்ந்தது' என்று யார் சொல்வது? ஃபின் விதிப்படி, வாடிக்கையாளர் நன்றி என்று சொன்னாலும் தீர்ந்தது. மேற்கொண்டு உதவி கேட்காமல் போய்விட்டாலும் தீர்ந்தது. அலுத்துப்போய் எழுந்து போனவரும் அந்த இரண்டாவது கணக்கில் வந்துவிடலாம். ஒப்பந்தத்தில் இந்த ஒரு வரையறையைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

பில்லில் தெரியாத இரண்டு

ஊழியர் தன் சொந்தச் சாட்ஜிபிடி கணக்கில் அலுவலக வேலை பார்த்தால் நிறுவனத்துக்கு ஒரு காசும் செலவில்லை. ஆனால் தனிநபர் கணக்குகளில், அமைப்புகளில் போய் நிறுத்தாவிட்டால் உரையாடல்கள் மாடலுக்குப் பயிற்சி கொடுக்கப் பயன்படலாம். பிசினஸ், எண்டர்பிரைஸ் திட்டங்களில் இயல்பாகவே அப்படிப் பயன்படுத்துவதில்லை. அலுவலகத் திட்டத்துக்குக் கூடுதலாகக் கட்டும் காசில் ஒரு பங்கு இதற்குத்தான். அப்புறம், அந்த ஊழியர் வேலையை விட்டுப் போகும்போது உரையாடல்களும் அவரோடு போய்விடும்.

இன்னொன்று வரி. இந்தியாவில் இந்தச் சேவைகளுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. உள்ளூர் விற்பனையாளர் வழியாக வாங்கினால் ஜிஎஸ்டியோடு பில் வரும். வெளிநாட்டு நிறுவனத்திடம் கார்டு போட்டு நேரடியாக வாங்கினால், ஜிஎஸ்டி பதிவுள்ள நிறுவனம் அந்த வரியைத் தானே கட்ட வேண்டியிருக்கும். உள்ளீட்டு வரிச் சலுகையில் திரும்ப எடுக்கவும் முடியும். முதலாளியின் சொந்தக் கார்டில், நிறுவனத்தின் ஜிஎஸ்டி எண் கொடுக்காமல் வாங்கிவைத்தால் அந்தச் சலுகை சிக்கலாகிவிடும். டாலர் விலை என்றால் வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணமும் மேலே ஏறும். உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குவது நல்லது.

எப்படித் தொடங்குவது

எல்லோருக்கும் ஒரே நாளில் வாங்க வேண்டாம். நாள் முழுக்க ஆவணங்களோடும் கூட்டங்களோடும் கிடப்பவர்கள் ஐந்தாறு பேருக்கு மட்டும் ஆள் கணக்கில் வாங்குங்கள். மற்றவர்களுக்கு ஏற்கெனவே இருக்கும் சந்தாவோடு வருவதே பெரும்பாலும் போதும். மைக்ரோசாஃப்ட் 2025 ஜனவரியிலிருந்து தகுதியுள்ள பணிச் சந்தாக்காரர்களுக்குக் கோபைலட் சாட்டைக் கூடுதல் கட்டணமில்லாமல் தருகிறது. நிறுவனக் கோப்புகளைத் தேடும் ஏஜென்டுகளுக்கு மட்டும் மீட்டர் ஓடும். மூன்று மாதம் கழித்து நிர்வாகி பக்கத்தில் இருக்கும் பயன்பாட்டு அறிக்கையைத் திறந்தால், யார் கடைசியாக எப்போது பயன்படுத்தினார் என்பது தேதியோடு இருக்கும். சும்மா கிடக்கும் லைசென்ஸைக் கேட்டுக்கொண்டு நிற்பவருக்கு மாற்றிக் கொடுங்கள்.

எண்ணிக்கையைக் கூட்டுவது எந்த நாளும் முடியும். இடையில் சேர்த்தால் மீதமுள்ள நாட்களுக்கு மட்டும் கணக்குப் போடுவார்கள். குறைப்பதற்குத்தான் காலக்கெடு. மைக்ரோசாஃப்டின் வருட ஒப்பந்தத்தில் வாங்கிய அல்லது புதுப்பித்த முதல் ஏழு நாளுக்குள் குறைக்கலாம், அதற்குப் பிறகு அடுத்த புதுப்பித்தல் வரை முடியாது. தானாகப் புதுப்பித்தல் நிறுத்தப்படாமல் இருந்தால், போன வருடத்து எண்ணிக்கையே இன்னொரு வருடத்துக்கு ஓடும். ஆகவே வாங்கிய அன்றே காலண்டரில் புதுப்பித்தல் நாளுக்கு ஒரு மாதம் முன்னால் ஒரு குறிப்புப் போட்டுவையுங்கள். அதை வாங்கிய ஊழியரின் காலண்டரில் மட்டும் போடாதீர்கள். அடுத்த வருடம் அவர் வேறு நிறுவனத்தில் இருக்கக்கூடும்.